பாதிக்கு வரும் முள்

நெஞ்சு நோய்க்கு ஊசி போட ஆரம்பித்த மூன்றாம் மாதமே, காதுக்குள் வண்டு இரைகிறது என்று தனலெட்சுமி சொன்னாள். டாக்டர் ஊசியை நிறுத்தினார். காசநோய் மருந்து சிலருக்கு இப்படிக் காது நரம்பைக் கெடுத்துவிடும், மிச்சமிருக்கும் கேட்கும் சக்தியும் போய்விடலாம் என்றார். போகலாம் என்று அவர் சொன்னதை, போகாமலும் இருக்கலாம் என்று அவள் புருஷன் அய்யாவு எடுத்துக்கொண்டார்.

அது எழுபத்து நாலாம் வருடம். அய்யாவு கிள்ளான் பட்டணத்தில் தொலைபேசி டெக்னீசியன். குடியிருப்பு பிரிக்பீல்ட்ஸில், ஒரு பலகை வீட்டின் பாதி. மறுபாதியில் இராஜம்மா. ஆஸ்பத்திரியில் கொடுத்த காதுக் கருவி இரைச்சலைத்தான் பெரிதாக்கியது. தனம் அதைக் கழற்றி அரிசி டின்மேல் வைத்துவிட்டாள். சரி, நாமே ஒன்று செய்வோம் என்று அய்யாவு கிளம்பினார். இருக்கிற கொஞ்சம் கேட்கும் சக்தியும் அணைவதற்குள் அவள் காதில் நாலு வார்த்தை தெளிவாக விழவேண்டும். அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"என்னங்க இது, காலு மொளச்ச பருப்பு மாதிரி?" என்று, டிரான்சிஸ்டர் என்ற அந்தச் சின்னப் பாகத்தை விரலில் எடுத்துத் தனம் கத்தினாள். காது மந்தமானதிலிருந்து அவள் எதையும் மெல்லச் சொன்னதில்லை.

பலகைக்கு அந்தப் பக்கமிருந்து இராஜம்மா சிரித்தாள். "தனம், மெதுவா பேசு லா! பங்சார் வரைக்கும் கேக்குது!"

அய்யாவு அதைச் சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

"பங்சார்ல இருக்கறவனுக்குக் கேட்டா கேக்கட்டும். எனக்குத்தான் கேக்கல" என்றாள் அவள்.

முதலில் செய்த ஆம்பிளிபயர் ஊமையாக இருந்தது. ஒவ்வொரு பாகமும் நல்ல பாகம், மைக்கும் நல்ல மைக். ஆனால் மைக்கில் பிறக்கும் மின்னழுத்தம் மிகப் பலவீனமானது; ஆம்பிளிபயரின் வாசலில் மின்தடை குறைவாக இருந்தால் உள்ளே நுழையும்போதே விழுந்துவிடும். அந்தத் தடை எவ்வளவு என்று அறிய ஓம் மீட்டரை நேராக வைத்துப் பார்க்க முடியாது. மீட்டருக்குள் இருக்கும் பேட்டரியே டிரான்சிஸ்டரின் நிலையைக் கலைத்துவிடும். அய்யாவு அப்படி வைத்துப் பார்த்து ஒன்றைக் கருக்கியும் விட்டார். பிறகுதான் டெலிகாம் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. ஒரு சின்ன விசில் ஒலியை மின்சாரமாக உள்ளே அனுப்பு. வழியில் திருகக்கூடிய ஒரு தடையை வை. வெளியே மீட்டர் முள் பாதியாக இறங்கும்வரை திருகு. அப்போது திருகியில் எவ்வளவு தடையோ, அவ்வளவே உள்வாசலின் தடை. வெளிவாசலுக்கும் கிட்டத்தட்ட அதே கதைதான். அங்கே தடையைக் குறுக்கே போடவேண்டும்.

திருக ஒரு கை, முள்ளைப் பார்க்க ஒரு கண். அய்யாவு திருகுவார், தனம் முள்ளைப் பார்ப்பாள். முள் பாதிக்கு வந்ததும் விரலைத் தூக்குவாள்.

"பாதி! பாதி! இன்னும் திருகினீங்கன்னா கால்தான் வரும்!"

சாயங்காலம் ஆறு மணிக்கு, அடுப்பில் சோறு வேகும்போது, இருவரும் மேசைக்கு இரண்டு பக்கமும் உட்காருவார்கள். முதலில் உள்தடை ஆயிரத்து எண்ணூறு ஓம்தான் வந்தது. முன்னால் இன்னொரு டிரான்சிஸ்டரை வைத்து மாற்றினார். ஒன்றரை லட்சம் ஓமுக்கு ஏறியது. வெளித்தடை இருபதுக்கு இறங்கி, காதில் மாட்டும் போனைத் தாங்கியது. அன்று அய்யாவு பாசாருக்குப் போய் மீன் வாங்கி வந்தார்.

அதன்பிறகு அளக்கவேண்டியது தனத்தின் காதை. போனை அவள் காதில் மாட்டி, மீட்டரைப் போனோடு இணைத்து, விசிலை மெல்ல மெல்லக் கூட்டுவார். கேட்டதும் அவள் விரலைத் தூக்கவேண்டும். அளவை நோட்டில் எழுதுவார். இரண்டு மாதம் எழுதினார். ஒவ்வொரு நாளும் விரல் ஒரே இடத்தில்தான் உயர்ந்தது, முள் இரண்டாம் கோட்டைத் தொடும்போது. காது கொஞ்சமும் இறங்கவில்லை. டாக்டருக்கு என்ன தெரியும் என்று நோட்டை மூடினார். அவரோடு வேலை செய்த சின்னையா, "அண்ணே, மனுசக் காது ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி கேக்குமா?" என்று கேட்டதற்கு, "என் சர்க்யூட் அப்படி" என்றார்.

தைப்பூசத்துக்கு முந்தின ஞாயிறு, மீட்டரின் கவ்வி போன் கம்பியிலிருந்து நழுவியது. முள் பட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. விசில் நிற்கவில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அய்யாவுக்கே, அவள் காதிலிருந்த போனிலிருந்து அது கீச்சென்று கேட்டது.

தூக்கியிருந்த விரலைத் தனம் இறக்கினாள்.

அய்யாவு ஒலியை இன்னும் கூட்டினார். பலகைக்கு அப்பாலிருந்து, "என்னா அது, எலி கத்துற மாதிரி?" என்றாள் இராஜம்மா. தனம் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கவ்வியை எடுத்து மறுபடி கம்பியில் கடிக்கவிட்டார். முள் எழுந்தது. விரலும் எழுந்தது.

அவர் எழுந்துபோய் மீட்டரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார். அவள் முகம் மாறியது. கையை மடிக்கு இறக்கினாள்.

"முள்ளத் திருப்பிட்டா நான் எப்படிங்க சொல்றது?" என்றாள், அந்தப் பெரிய குரலில்.

'எப்போதிலிருந்து?' என்று சிலேட்டில் எழுதினார்.

"தீவாளிக்கு முன்னாடி. ஒரு நாளு கேட்ட மாதிரி இருந்துச்சு, ஒரு நாளு இல்ல. அப்புறம் ஒன்னுமே இல்ல. நீங்க நோட்ட மூடிட்டு நல்லா சாப்புடுவீங்க. அதக் கெடுப்பானேன்னு."

அவர் எழுதியதை அழித்துவிட்டு நோட்டைப் புரட்டினார். நோட்டில் இருந்த இரண்டு மாதமும் முள்ளைப் பற்றியது. அவள் காதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. பிறகு எழுதினார்: 'என் குரலைக் கடைசியாக எப்போது கேட்டாய்?'

தனம் படித்தாள்.

"தெரியலீங்க. அப்ப அதுதான் கடைசின்னு யாரு சொன்னா?"

சோறு பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் எழுந்துபோய் மூடியைத் திறந்தாள். இரண்டு வருடம் கழித்து நெஞ்சு நோய் அவளைக் கொண்டுபோகும்வரை அந்த மேசையில் எதையும் அவர்கள் அளக்கவில்லை. அன்று அய்யாவு, காதில் போன் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த அவளிடம், மைக்கைக் கையில் எடுத்து ஏதோ சொன்னார். அடுப்பிலிருந்து திரும்பியபோதுதான் அவள் அவர் உதடுகள் அசைவதைப் பார்த்தாள். புரியவில்லை. புரிந்ததுபோலத் தலையாட்டினாள்.