சித்தி வருகிற மந்திரக் கதை

பேருந்தில் டிக்கெட் பரிசோதிப்பது என் வேலை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் டிக்கெட் எடுத்தவரா, ஏமாற்றுகிறவரா என்று சொல்லிவிடுவேன். சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்குகிறவளிடம் போய் வீட்டில் ஒரு பொடிசு திருட்டுமுழி முழித்தால் விடுவேனா?

பொடிசு என்றால் சில்வண்டு. என் கணவரின் மகள். அவளுடைய அம்மா இறந்து சில வருஷம் கழித்து நான் அந்த வீட்டுக்கு வந்தேன். சித்தி, சித்தி என்று ஓயாமல் பேசுவாள், அதனால்தான் அந்தப் பெயர் வைத்தேன். இப்போது நான் அறைக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுவிடும். கையிலிருக்கும் புத்தகம் தலையணைக்கு அடியில் போய்விடும்.

“என்னடி படிக்கிற?”

“சும்மா... மந்திரக் கதை, சித்தி.”

“எங்க, காட்டு.”

“அதுல ஒண்ணுமே இல்ல சித்தி.”

ஒன்றுமே இல்லாததை யாராவது ஒளித்து வைப்பார்களா? யார் காதில் பூச்சுற்றுகிறாள்! அவள் குளிக்கப் போன சமயம் தலையணையைத் தூக்கினேன். பிரித்த பக்கத்திலேயே ஒரு சித்தி, மூத்தாள் பெண்ணை நாற்காலியாக மாற்றி அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் இன்னொரு புத்தகம். அதில் வருகிற சித்தி, குழந்தையின் தூக்கத்தைத் திருடிப் பாட்டிலில் அடைக்கிறாள்.

அவரிடம் சொன்னேன். “கதைதானே, விடேன்” என்றார். அவருக்கென்ன! அந்தக் கதைகளில் அப்பாக்கள் எல்லோரும் நல்லவர்கள், வீட்டில் நடப்பது எதுவுமே தெரியாத நல்லவர்கள்.

இதையெல்லாம் எடுத்துக்கொடுப்பது யார் என்று எனக்குத் தெரியும். நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் பெண். பிள்ளைகளுக்கு லைப்ரரி அக்கா. இறந்துபோனவளுக்குச் சொந்தமாக இருப்பாளோ? எனக்கு எதிராகப் பிள்ளையின் மனத்தைக் கலைக்கச் சொல்லி யாராவது ஏவிவிட்டிருப்பார்களோ? எனக்கென்று இருப்பது இந்த ஒரு பிள்ளை. அவளும் விலகிப்போனால் அந்த வீட்டில் நான் யார்?

சனிக்கிழமை வேலை சீக்கிரம் முடிந்தது. சீருடையைக்கூட மாற்றாமல் நேராக நூலகத்துக்குப் போனேன்.

“எங்க வீட்டுப் பிள்ளைக்கு எப்பப் பாரு சூனியக்காரச் சித்தி கதையாவே கொடுக்கிறீங்களே, என்ன எண்ணம் உங்களுக்கு?”

அவள் பதறிப்போனாள். “ஐயோ, எண்ணமெல்லாம் ஒண்ணும் இல்லீங்க. சித்தி வர்ற மந்திரக் கதை வேணும்னு அவளேதான் கேட்டா. ஒரு பிள்ளை எதைக் கேட்குதோ அதே மாதிரி தேடித் தேடிக் கொடுப்பேன். டிராகன் கேட்டா டிராகன், பேய் கேட்டா பேய்.”

அவளேதான் கேட்டாளா! யாரோ செய்த சதி என்றால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடலாம். பிள்ளையே என்னை அப்படித்தான் நினைக்கிறாள் என்றால் யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

அந்த நேரம் பார்த்து வாசலில் சில்வண்டின் குரல் கேட்டது. ஏன் ஒளிந்தேன் என்று கேட்காதீர்கள். அகராதிகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

சில்வண்டு பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மேசையில் வைத்தாள். “அக்கா, இதுவும் வேணாம்.”

“ஏன்டா, நல்லா இல்லையா?”

“இதுலயும் சித்தி கெட்டவங்க. கடைசிப் பக்கம் வரைக்கும் பார்த்தேன், திருந்தவே இல்ல.”

“நீ அந்த மாதிரிதானே கேட்ட?”

“சித்தி வர்ற கதைன்னுதான் கேட்டேன். கெட்ட சித்தின்னா கேட்டேன்? நல்ல சித்தி ஒருத்தராவது இருப்பாங்கல்ல, அதைக் கொடுங்கக்கா. எங்க சித்தி தினமும் என்ன படிக்கிறன்னு கேட்கிறாங்க. இதையெல்லாம் எப்படிக் காட்டுறது? பார்த்தா அழுதுடுவாங்க.”

நானா அழுகிறவள்? ஓடுகிற பேருந்தில் எத்தனை பேரோடு மல்லுக்கு நின்றவள் நான்! வாயைப் பொத்திக்கொண்டேன், அப்படியும் விம்மல் வெளியே வந்துவிட்டது.

சில்வண்டு அலமாரியைச் சுற்றி வந்து எட்டிப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள்.

“நான் சொன்னேன்லக்கா!” என்று கத்திக்கொண்டே ஓடிப்போய், மேசைமேல் இருந்த புத்தகத்தை அட்டை தெரியாமல் கவிழ்த்து வைத்தாள்.