தவறான ஆளுக்குப் போன வசவு

1

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. பக்கத்து நாட்டுப் போரை நிறுத்த வல்லரசுகளெல்லாம் வந்து கையை விரித்துவிட்டுப் போன பிறகு, மூன்று ஏழை அண்டை நாடுகள் எங்கள் தலைநகர் வகாடுகுவில் பேச்சுவார்த்தைக்கு மேசை போட்டன. ஆமாம், நாங்கள்தான் போட்டோம். பெருமையடிக்கிறான் என்று நினைக்கிறவர்கள்… (வேண்டாம். இந்த வரியை அடித்துவிட்டேன்.)

2

முதல் தொடக்கம்: "போரின் கரிய மேகங்கள்…" சே! காலை பத்து மணி, வானம் பளிச்சென்றிருந்தது.

இரண்டாம் தொடக்கம்: மத்தியஸ்தக் குழுவின் தலைவி அசெத்தா பான்சேவுக்கு வேண்டியது மூன்றே நாள் சண்டை நிறுத்தம். முற்றுகையில் கிடக்கும் ஊருக்குள் தண்ணீர் லாரிகள் போகவேண்டும். அங்கே குழந்தைகள் சேற்றுத் தண்ணீரை வடிகட்டிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். முற்றுகை போட்டவர் கலகப்படையின் கர்னல் நெபியே. அவரையும் அரசுத் தரப்பு அமைச்சரையும் அவள் நேரில் பார்த்ததில்லை. ஆனால் கர்னல் குரூன்சி இனம், அவள் பிஸ்ஸா இனம். அது போதும் என்று நம்பினாள்.*

* இந்த இரண்டு இனத்தாரும் கேலி உறவுக்காரர்கள். குரூன்சியை நாய்த்தலை தின்னி என்பார்கள், பிஸ்ஸாக்காரியைக் கடலைத் திருடி என்பார்கள்; என்ன திட்டினாலும் கோபப்படக்கூடாது. ஒருவர் சபையில் வாய்விட்டுக் கேட்டதை மற்றவர் மறுத்தால் ஊரே காறித் துப்பும்.

3

அறையில் ஒரே மின்விசிறி. அதன் கீழே நெபியேயின் பெயர்ப்பலகை. அரசுத் தரப்பு அமைச்சர் முதலில் வந்து, காற்று வருகிறதே என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு வந்த கர்னல் தன் நாற்காலியில் எதிரியைக் கண்டதும் விருட்டென்று திரும்பி நடந்தார். இது எதுவும் தெரியாமல் அசெத்தா பக்கத்துக் கதவு வழியாக நுழைந்தாள். பலகையைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள்.

"அடேய் நாய்த்தலை தின்னி! உனக்கெல்லாம் எவன்டா நாற்காலி போட்டது?"

அமைச்சர் குரூன்சி இல்லை. அவர் முகம் கருத்துப்போனது.

"இதுக்குத்தான் எங்களக் கூப்பிட்டீங்களா? கிளம்புங்கப்பா எல்லாரும்!"

(அவள் பயமே அறியாதவள் என்று முந்தைய வரைவில் எழுதியிருந்தேன். பச்சைப் பொய். ஓர் ஊரையே தன் வாயால் கொன்றுவிட்டோமே என்று பதறினாள்.)

வராந்தாவிலிருந்து ஒரு குரல் இடித்தது.

"ஏய் கடலைத் திருடி! அது எனக்கு வரவேண்டிய வசவு! அவனுக்கு எப்படிடீ குடுப்ப?"

கர்னல் திரும்பி வந்துவிட்டார்! முறை முறைதான், திட்டுக்குப் பதில் திட்டாமல் எந்தக் குரூன்சியும் வாசல் தாண்டமாட்டான்.

"உன் மூஞ்சியில எழுதியா ஒட்டியிருக்கு? வாடா, வந்து வாங்கிக்க!" என்றாள் அசெத்தா.

எழுந்து நின்ற அமைச்சரே சிரித்துவிட்டார். கர்னல் இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

4

முடிவுகள். ஒன்று, அவர் கையெழுத்திடுகிறார்: ரொம்பச் சுலபம். இரண்டு, ஒரு தொலைபேசி அழைப்பு வந்து எல்லாம்… இல்லை, அது மலிவு.

நடந்ததை மட்டும் சொல்கிறேன். அசெத்தா தாளை நீட்டினாள். கேலியெல்லாம் குரலிலிருந்து போயிருந்தது.

"மூணு நாள் குடு. கேக்குறேன்."

கர்னல் அமைச்சரைப் பார்த்தார். "இவன் முன்னாடியா கேக்குற?"

"இவன் முன்னாடிதான் கேக்குறேன்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். நான் என் பேனாவைக் கீழே வைக்கிறேன். மிச்சம் உங்களுடையது. அந்தச் சபையில், அந்தப் பெண் கேட்ட பிறகு, அவர் மறுத்தார் என்று எழுத உங்களுக்குக் கை வருமென்றால், எழுதுங்கள் பார்ப்போம்.