இரண்டு தரம்

தியாகராசா வாழ்நாளில் ஒரேயொரு நல்ல கதைதான் எழுதினார். அதிலும் பொய் சொன்னார்.

கதையில், வேலிக்கு அப்பால் வாழைத் தோட்டத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் தம்பி "அண்ணை" என்று இரண்டு தரம் கூப்பிடுகிறான். நாலு வருசமாகப் பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் இரண்டாம் குரலுக்கே வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடுகிறான். தம்பியின் உயிர் அவன் மடியில் போகிறது. வாசித்தவர்கள் அழுதார்கள். தியாகராசாவின் செத்துப்போன தம்பியின் மனைவி உதயகலாவும் அழுதாள்.

"அவர் ஒரு சத்தமும் இல்லாமல் போனவர். அதுதான் எனக்கு ஒரே ஆறுதல். எண்டாலும் நீங்கள் எழுதினமாதிரி நடந்திருக்கக் கூடாதோ, அண்ணை" என்றாள். கல்யாணமான நாளிலிருந்து அவளும் புருசனைப் போல அவரை அண்ணை என்றுதான் கூப்பிடுவாள்.

நடந்தது வேறு. ஒரு முழ நிலத்துக்காக வேலிக் கதியால் கம்பைத் தள்ளி நட்டவன்தானே கூப்பிடுகிறான், மூன்றாம் தரமும் கூப்பிடட்டும், போவோம் என்று தியாகராசா வீம்புக்கு நின்றார். தம்பி மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. சந்தைக்குப் போயிருந்த உதயகலா வந்துதான் உடலைக் கண்டாள். ஒரு சத்தமும் கேட்கவில்லை என்று அவளிடம் சொன்னவரும் தியாகராசாதான்.

இப்போது கோபிசங்கர் என்றொரு இயக்குநர் அந்தக் கதையைப் பேய்ப்படமாக எடுக்கிறான், அதுவும் உரும்பிராயில் அதே தோட்டத்தில். உதயகலாவே மனமுவந்து இடம் கொடுத்திருந்தாள். காலையில் அவன் தியாகராசாவுக்குக் காட்சியை விளக்கினான்.

"அண்ணன்காரன் ஓடமாட்டான், ஐயா. வேலிக்குப் பின்னாலை கேட்டுக்கொண்டு நிப்பான். நாலு நிமிசம். பயம் ஆறுதலா, மெல்ல மெல்லத்தான் வரவேணும்."

"என்ரை கதையிலை அப்பிடி இல்லை, தம்பி."

"ஓடுறவனைப் பாத்து ஆர் பயப்பிடுவினம்? நிண்டால்தான் செத்தவன் பேயா வந்து கூப்பிட்டுக்கொண்டே இருப்பான்."

அது தியாகராசாவைவிட யாருக்குத் தெரியும்? தம்பி செத்ததிலிருந்து எட்டு வருசமாக அவருக்குக் கேட்கிற குரல். அவர் கோபிசங்கரின் கையைப் பிடித்துக் கெஞ்சினார். வேறு கதை எழுதித் தருகிறேன், வேறு தோட்டம் பார்த்துத் தருகிறேன் என்றார். வேலிக்குப் பின்னால் நிற்கிற அண்ணனை உதயகலா கண்டால், திரும்பி அவருடைய முகத்தைப் பார்ப்பாள். அவளுக்கு இருக்கிற அந்த ஒரு ஆறுதலும் அதோடு போய்விடும். இதை அவனிடம் எப்படிச் சொல்வது?

"வெய்யில் ஏறுது, ஐயா" என்று கோபிசங்கர் கையை விடுவித்துக்கொண்டான்.

நடிகன் வாழைகளுக்கிடையில் விழுந்தான். "அண்ணை" என்றான். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு தரம். உதயகலா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"மூண்டாந்தரமும் கூப்பிடும்!" என்று நடிகனைப் பார்த்துக் கத்தினான் கோபிசங்கர்.

"இல்லை!" தியாகராசா கமராவுக்கு முன்னால் பாய்ந்தார். "மூண்டாந்தரம் அவன் கூப்பிடேல்லை. நான் கேட்டுக்கொண்டுதான் நிண்டனான், அவன் கூப்பிடேல்லை!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு விளங்கியது. உதயகலா வாயிலிருந்து தலைப்பை எடுத்தாள்.

"அண்ணை" என்றாள்.

இந்த முறை அவர் நிற்கவில்லை. நேரே அவளிடம் போனார்.

"ஓம்" என்றார்.