மூன்று வருடமாகக் கிளம்பிக்கொண்டிருந்த பூநாரைகள்

எங்கள் தேரிக்காட்டுச் சுனையில் இறங்குகிற வெளியூர்ப் பறவைகள் திரும்பிக் கிளம்பும் நேரத்தில் "எங்க போறிய?" என்று யாராவது கேட்டுவிட்டால், அவை கீழே வந்து, சற்று உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும்தான் கிளம்ப வேண்டும். மனிதர்களுக்கு உள்ள அதே வழக்கம்தான். எங்கள் மணலில் கால் வைத்த எல்லோருக்கும் அது பொருந்தும். இறக்கை இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் அப்புறம்.

மனிதர்களுக்கு இதில் பெரிய நஷ்டம் கிடையாது. ஒரு செம்புத் தண்ணீர், அடுத்த பஸ், அவ்வளவுதான். பறவைகள் காற்றை நம்பிப் போகிறவை. வடக்கே கொண்டுபோகிற காற்று பங்குனியில் ஒரே ஒரு நாள் தேரி வழியாக வரும். தண்ணீர் குடித்து அலகைத் துடைத்து நிமிர்வதற்குள் அது போய்விடும். பிறகு அடுத்த பங்குனிதான்.

தேரியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். கண்ணுக்கெட்டிய தூரம் செக்கச்செவேல் என்று மணல். அங்கங்கே பனை, உடைமரம், முந்திரி. மணல் ஓரிடத்தில் நிற்காது. என் மாமனார் அங்கே ஒரு முந்திரித் தோப்பை வாங்கினார். பத்திரம் முடித்துத் திரும்பி வருவதற்குள் மணல் ஏறித் தோப்பு அடியில் போய்விட்டது. அவர் கடைசி வரைக்கும் ஏணி வைத்துக் கீழே இறங்கித்தான் கொட்டை பறித்தார். விளைச்சல் நன்றாகவே இருந்தது.

அந்த மணலின் நடுவில்தான் சுனை. அதில் தண்ணீர் ஊறுவதே திரும்பி வந்தவர்களுக்குக் கொடுப்பதற்காக. யாரும் திரும்பாத வருடங்களில் அது வெறும் ஈர மணலாகக் கிடக்கும். இப்போது மூன்று வருடமாகக் கரை தொட்டு நின்றது. காரணம் பூநாரைகள். கூட்டமாக வடக்கே தங்கள் ஊரான கட்ச்சுக்குக் கிளம்புவதும் கூட்டமாகத் திரும்புவதுமாக இருந்தன.

பேச்சிக்கனி என்ற பெண் திருச்செந்தூரிலிருந்து வேன் வைத்து, ஆட்களை அந்தச் சுனைக்குப் பறவை பார்க்கக் கூட்டிப் போகிறாள். காலையில் இட்லி, மத்தியானம் தயிர்ச்சாதம், ஆளுக்கொரு பைனாகுலர், சாயங்காலம் வீடு. நானும் என் சிநேகிதர் லிங்கதுரையும் ஒரு பங்குனி மாதம் அவளோடு போனோம். கோயமுத்தூரிலிருந்து வந்த இளம் தம்பதியும் வேனில் இருந்தார்கள்.

லிங்கதுரை பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். யார் ஏறினாலும் "எங்க?" என்று கேட்பது அவர் வேலை. வேலை போனாலும் வாய் போகவில்லை. அவர் கல்யாணத்தில் பெண் மணமேடையில் ஏறியபோதே அப்படிக் கேட்டவர். "கடேசி வரைக்கும்," என்று அந்த அம்மாள் சொன்னாள். சரி என்று பக்கத்தில் உட்கார இடம் கொடுத்தார்.

வேன் ஊரைத் தாண்டியதும் பேச்சிக்கனி எழுந்து எங்கள் பக்கம் திரும்பி நின்றாள்.

"இன்னைக்குக் காத்து வருது. பூநாரைக கெளம்பும்போது ஒருத்தரும் வாயத் தொறக்கக் கூடாது. மதினிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்."

மதினி என்று அவள் சொன்னது கூட்டத்துக்குப் பெரியவளான பூநாரையை. கட்ச்சில் அதற்கு மூன்று பெண்கள். இரண்டு பேருடைய கல்யாணமும் இது சுனையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது முடிந்துவிட்டது. மூன்றாமவளுக்கு இந்தப் பங்குனியில் நாள் குறித்திருந்தார்கள். ஏற்கெனவே ஒரு தடவை தள்ளிப்போட்ட நாள் அது. மாப்பிள்ளை வீட்டார் பொறுமைசாலிகள். ஆனாலும் ஒற்றைக் காலில் நிற்பதற்கும் ஓர் அளவு உண்டு.

"மொதல் வருசம் யாரு கேட்டது?" என்றார் லிங்கதுரை.

"உடன்குடிக்காரர் ஒருத்தர். பாவம், பிரியமாத்தான் கேட்டாரு. மறு வருசம் ஒரு வாத்தியார்."

"போன வருசம்?"

பேச்சிக்கனி ஜன்னல் பக்கம் பார்த்தாள். "நாந்தான். ரெண்டு வருசம் பழகினவ றெக்கைய விரிக்கா. கேக்காம எப்படி இருக்க?"

அது நியாயம் என்று வேனில் எல்லோருக்கும் பட்டது.

பிறகு அவள் ஒரு ஓலைப்பெட்டியைத் திறந்து ஆளுக்கொரு கருப்பட்டித் துண்டு கொடுத்தாள். காற்று வரும்போது வாயில் அடக்கிக்கொள்ள வேண்டும், கடிக்கக் கூடாது. டிரைவருக்கும் ஒன்று. தனக்கு மட்டும் மூன்று எடுத்து முந்தானையில் முடிந்தாள். லிங்கதுரை கையை நீட்டவில்லை.

"எனக்குச் சுகர், தாயி."

"அப்ப அண்ணாச்சி வாய்க்கு என்ன செய்ய?"

அவர் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்துக் காட்டினார். "இது வாயில இருக்கையில நான் ஒரு வார்த்த பேசினது கெடையாது. வேணும்னா இவருட்டக் கேளு."

என்னைப் பார்த்தாள். "உண்மைதான். அந்த நேரத்துல மட்டுந்தான் பேசமாட்டாரு," என்றேன்.

வேன் நின்ற இடத்திலிருந்து சுனைக்கு மணலில் நடை. கரையில் கூழைக்கடா ஒன்று இருந்தது. அதை யார் எத்தனை தடவை கேட்டிருந்தார்களோ, குடிக்க வேண்டிய தண்ணீரை எல்லாம் தாடைப்பையிலேயே சேர்த்துவைத்திருந்தது. கோயமுத்தூர்ப் பெண் அதைப் படம் எடுத்தாள். அது பையை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டு நின்றது. அதற்கு அப்பால், சுனை முழுக்க இளஞ்சிவப்பாகப் பூநாரைகள்.

மதினி முன்னால் வந்தது.

"இன்னைக்கு நிச்சயம், மதினி," என்றாள் பேச்சிக்கனி.

"போன வருசமும் நீ இதத்தான் சொன்ன."

"போன வருசம் வெறும் வாயி. இந்த வருசம் கருப்பட்டி."

"எத்தன?"

"மூணு."

மதினி கழுத்தை வளைத்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. லிங்கதுரையிடம் வந்ததும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தது. "இவரு யாரு? மூஞ்சியிலயே கேள்வி இருக்கே."

"அவருட்ட விசில் இருக்கு."

"அது சரி. நாங்க போயிட்டா ஒன் சுனை என்ன ஆவும்? அடுத்த வாரம் வேன் நெறைய ஆளக் கூட்டிட்டு வந்து எதக் காட்டுவ?"

"அது எம்பாடு. நீங்க புள்ளைக்குத் தாலி ஏறதப் பாருங்க."

மதினி அலகால் பேச்சிக்கனியின் முந்தானை முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத் தண்ணீருக்குள் திரும்பிப் போனது.

காற்று வந்தது. முதலில் மேட்டு மணல் உச்சியில் சிவப்பாகப் புகைந்தது. பிறகு பனை ஓலைகள் எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்தன. நாங்கள் கருப்பட்டியை வாயில் போட்டுக்கொண்டோம். லிங்கதுரை விசிலைக் கடித்துக்கொண்டார். பேச்சிக்கனிக்கு இரண்டு கன்னமும் உப்பியிருந்தது. கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. மணலாகவும் இருக்கலாம்.

பூநாரைகள் தண்ணீர் மேல் ஓடத் தொடங்கின. மதினி முன்னால், மற்றவை வரிசையாகப் பின்னால். ஒவ்வொன்றாக எழும்பின. யாரும் கேட்கவில்லை. மூன்று வருடத்தில் அந்தச் சுனையில் அவ்வளவு அமைதியாக யாரும் கிளம்பியதில்லை.

கூட்டம் ஒரு பனை உயரம் போயிருக்கும். அப்போது உடைமர நிழலிலிருந்து ஒரு கிழட்டுப் பூநாரை வெளியே வந்தது. மதினியின் அண்ணன், கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன். ஒற்றைக் காலில் நின்றபடி தூங்கிப்போயிருந்தது. மேலே பார்த்தது, கீழே பார்த்தது, மடக்கியிருந்த காலை இறக்கிவைத்து ஓட்டமும் நடையுமாக வந்தது.

வண்டி நகர்ந்த பிறகு ஒரு வயதானவர் பின்னால் ஓடி வருகிறார். இதைப் பார்த்த ஒரு கண்டக்டர் என்ன செய்வார்? லிங்கதுரை ஒரு விசில் கொடுத்தார்.

கூட்டம் நின்றது. இறக்கைகளை விரித்தபடியே, காற்றில், பனை உயரத்தில். அவை கீழே வரவில்லை. யாரும் எதுவும் கேட்கவில்லையே. நிறுத்தச் சொன்னார், நின்றன. மதினி மட்டும் கழுத்தைத் திருப்பி ஒரு பார்வை பார்த்தது. அந்தப் பார்வையை நான் பேச்சிக்கனியின் இடத்திலிருந்து வாங்க விரும்பமாட்டேன்.

மாமன் தண்ணீர் மேல் தட்டுத்தடுமாறி ஓடியது, இரண்டு முறை முக்குளித்தது, எழும்பியது. இதற்கிடையில் காற்று அவற்றுக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தது. பனை ஓலைகள் பழையபடி நிமிரத் தொடங்கின. தாய்மாமன் இல்லாமல் கல்யாணம் நடக்காது. காற்று இல்லாமல் கல்யாணத்துக்குப் போக முடியாது. பேச்சிக்கனி லிங்கதுரையின் தோளைப் பிடித்து உலுக்கினாள். இரண்டு விசில் கொடுத்தால் வண்டி கிளம்பிவிடும். அதைச் சொல்ல அவளுக்கு வாயில் இடமில்லை. "ம்ம், ம்ம்," என்று விரலை இரண்டாகக் காட்டினாள்.

மாமன் கடைசி வரிசையில் போய் நின்றுகொண்டது.

லிங்கதுரை இரண்டு விசில் கொடுக்கவில்லை. அவர் மேல் தப்பில்லை. ஏறினவர் எங்கே போகிறார் என்று தெரிந்துகொள்ளாமல் அவர் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. அவர் விசிலை வாயிலிருந்து எடுத்தார். தலையை அண்ணாந்தார். வாய் திறந்தது. நாற்பது வருடமாக அந்த வாயைப் பார்க்கிறவன் நான். அடுத்து அதிலிருந்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். பேச்சிக்கனி ஒரு கருப்பட்டித் துண்டைத் துப்பிக் கையில் எடுத்து, சுகராவது ஒன்றாவது என்று அவர் வாயை நோக்கி நீட்டினாள்.

"கட்ச் ஒண்ணு," என்றது மாமன் மேலிருந்து. "வயசாயிட்டு, தூங்கிருவேன். எறங்கையில எழுப்பி விடும்."

பயணி தானாகச் சொல்லிவிட்டால் கேட்கத் தேவையில்லை. லிங்கதுரை வாயை மூடினார். விசிலை வைத்தார். இரண்டு கொடுத்தார்.

கூட்டம் நகர்ந்தது. காற்றின் கடைசி வால் போவதற்குள் அதைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் லிங்கதுரை வேட்டியை மடித்துக் கட்டினார். எழுப்பிவிடச் சொல்லி ஒரு பயணி ஏறியிருக்கும்போது கண்டக்டர் கீழே நிற்க முடியாது. கரையோடு கொஞ்ச தூரம் ஓடி, மேட்டு மணல் உச்சிக்கு ஏறி, அங்கிருந்து கடைசி வரிசையில் தொற்றிக்கொண்டார். ஓடுகிற வண்டியில் ஏறுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

அந்த நேரம் பார்த்து என் வாயிலிருந்த கருப்பட்டி கரைந்து முடிந்துவிட்டது. சிநேகிதர் கிளம்புகிறார். ஒரு வார்த்தையும் பேசாமல் நிற்பது மரியாதை இல்லை. எங்கே என்று கேட்டால் அவரும் இறங்குவார், பூநாரைகளும் இறங்கும், கல்யாணமும் நின்றுபோகும். பேச்சிக்கனி தன் கையிலிருந்த கருப்பட்டியோடு என் பக்கம் திரும்பினாள். நான் கையால் தடுத்தேன். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் போகிறவர்களிடம் கேட்பதற்கென்று வேறொரு வார்த்தை இருக்கிறது.

"தூரமா?" என்று கத்தினேன்.

"கொஞ்சந்தான் வே," என்று அவரும் கத்தினார். "வீட்டுல சொல்லிரும். ராத்திரிக்குச் சாளைமீன் வச்சிருக்கா. எம் பங்க நீரு சாப்பிடும்."

கூட்டம் இளஞ்சிவப்புக் கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று.

பேச்சிக்கனி மிச்சமிருந்த கருப்பட்டிகளையும் துப்பி வாய் கொப்பளித்தாள். கரையில் கால் நீட்டி உட்கார்ந்து, சுனையைப் பார்த்தாள். அதில் ஒரு பூநாரை கூட இல்லை. தயிர்ச்சாதத்தைப் பிரித்து எங்களுக்கு எடுத்து வைத்தாள். தானும் நன்றாகவே சாப்பிட்டாள்.

"இந்நேரம் தூத்துக்குடியத் தாண்டியிருப்பா," என்றாள்.

"தாண்டியிருக்கும்," என்றேன்.

திரும்பி வந்து தண்ணீர் குடிக்க இனி ஆளில்லை. நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் சுனை ஓரங்களிலிருந்து சுருங்கத் தொடங்கியது. அவசரப்படவில்லை. பாயைச் சுருட்டுகிறது போல ஒரு கரையிலிருந்து மறு கரை வரைக்கும் தன்னைச் சுருட்டிக்கொண்டது. கூழைக்கடாவுக்கு அடியில் வந்தபோது அது நகர்ந்து வழிவிட்டது. கடைசியில் ஒரு ஆள் உயரத்துக்குத் திரண்டு, பேச்சிக்கனி பக்கத்தில் வந்து நின்றது.

அவள் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள். "சரி, வா," என்றாள்.

மணலில் எங்கள் பின்னாலேயே நடந்து வந்தது. நிற்காமல் வந்ததால் மணல் அதை அதிகம் குடிக்கவில்லை. வேனில் லிங்கதுரையின் இடம் காலியாக இருந்தது. அதில் உட்கார்ந்தது. பேச்சிக்கனி வழக்கப்படி ஆள் எண்ணிப் பார்த்தாள். சரியாக இருந்தது. டிரைவர் வண்டியை எடுத்தார்.

தேரியைவிட்டு இறங்கும் முதல் வளைவிலேயே சுனைக்குத் தளும்பியது. இரண்டாவது வளைவில் இன்னும் கொஞ்சம். கோயமுத்தூர்ப் பெண் தன் பையிலிருந்து ஒரு எலுமிச்சம்பழத்தை எடுத்து அதன் கையில் கொடுத்தாள். பிறகு தன் புருஷனை எழுப்பி நகர்த்திவிட்டு, ஜன்னலோர இடத்தை அதற்கு விட்டுக்கொடுத்தாள்.