டேங்க்கில் விழுந்த சுருக்கம்

ஞாயிற்றுக்கிழமை காலை வஜீஹா மொட்டைமாடியில் ஒரு பக்கெட்டைக் கவிழ்த்து, அதன் மேல் தன் பைக்கின் பெட்ரோல் டேங்க்கை உட்காரவைத்து ஸ்ப்ரே டப்பாவைக் குலுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மட்கார்டும் சைடு கவர்களும் துணிக்கொடியில் கம்பி போட்டுத் தொங்கின. மூன்று நாள் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பழைய மெரூன் நிறத்தை எடுத்து, அடிப்பூச்சாகச் சாம்பல் நிறப் பிரைமர் அடித்துக் காயவைத்திருந்தாள். இப்போது அடிப்பது அடர்பச்சை. ஒரு சாண் தள்ளிப் பிடித்துக் கையை நிறுத்தாமல் கொண்டுபோனால் பெயின்ட் வழியாது என்பது இரண்டாவது வரிசையிலேயே பிடிபட்டுவிட்டது.

கொடியின் மறுமுனையில் கீழ்வீட்டில் இருக்கும் அக்கா புஷ்ராவின் துணிகள் காய்ந்தன. வஜீஹா அவற்றைப் பார்த்தாள். எடுத்து உள்ளே போட்டிருக்கலாம். போடவில்லை. காற்று அப்போது அந்தப் பக்கம் போகவில்லை. பத்தரை மணிக்குக் கடல் காற்று திரும்பியது. அதை அவள் கவனிக்கவே இல்லை.

துணி எடுக்க மேலே வந்த புஷ்ரா கொடியருகே அப்படியே நின்றுவிட்டாள். அவள் கணவன் ஷஃபியுல்லா அன்று மாலை ஒரு நிக்காஹுக்குப் போட்டுப்போக இருந்த வெள்ளை ஜுப்பா. தோளிலிருந்து கைவரைக்கும் பொடிப்பொடியாகப் பச்சைப் புள்ளி. விரலால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை.

"நாலு எட்டு நடந்து இத எடுத்து உள்ள போட உனுக்கு மனசு வரல, இல்ல?" என்றாள்.

"நான் பெயின்ட் அடிக்கிறது உனுக்குத் தெரியும். நீ வந்து எடுத்திருக்கணும்."

புஷ்ரா ஜுப்பாவைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அரை மணி நேரத்தில் வஜீஹா இருந்த மேல்வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றது. மோட்டார் சுவிட்ச் புஷ்ராவின் வீட்டுக்குள் இருந்தது. வஜீஹா பதிலுக்கு மொட்டைமாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டாள். நான்கு நாள் புஷ்ரா ஈரத்துணியை ஜன்னல் கம்பியிலும் நாற்காலி முதுகிலும் காயப்போட்டாள். வஜீஹா தெருக்குழாயிலிருந்து இரண்டு குடம் தூக்கிக்கொண்டு படியேறினாள். ஷஃபியுல்லா ஒருமுறை சமாதானம் பேச வாயெடுத்தபோது இருவரும் சேர்ந்து அவனை அடக்கினார்கள். அந்த ஒரு விஷயத்தில்தான் ஒற்றுமை.

ஜுப்பாவில் தொடங்கிய பகை இல்லை இது. கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் சந்துக்குள் இருக்கும் அந்த மாடி வீடு, இருவரும் அம்மி என்று கூப்பிட்ட அவர்கள் அம்மா ஜமீலுன்னிசாவுடையது. அம்மா எட்டு மாதம் படுக்கையில் கிடந்தபோது புரட்டிப் படுக்கவைத்தது, துடைத்தது, ஊட்டியது எல்லாம் புஷ்ரா. வஜீஹா அப்போது வாணியம்பாடியில் புகுந்த வீட்டில் இருந்தாள். கணவன் அனுப்பவில்லை என்பது உண்மை. அவளும் எதிர்த்துக் கிளம்பவில்லை என்பதும் உண்மை. கடைசி இரண்டு நாளுக்குத்தான் வந்து சேர்ந்தாள். ஒரு வருடம் கழித்து அந்தக் கல்யாணமும் முறிந்து இரண்டு பையோடு திரும்பி வந்து மேல்வீட்டில் ஏறிக்கொண்டபோது, பங்குக்கு வந்துவிட்டாள் என்று புஷ்ரா உறவுக்காரர்களிடம் சொன்னாள். அது சுற்றி வந்து வஜீஹாவின் காதில் விழுந்தது.

வஜீஹாவுக்கு ஆழ்வார்பேட்டையில் ஒரு லேபில் வேலை. விடிந்ததும் அபிராமபுரம், அடையாறு, பெசன்ட் நகர் என்று வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். கூட வேலை செய்தவரிடம் வாங்கிய பழைய பைக் அது. அவள் வாழ்க்கையில் யாரையும் கேட்காமல் வாங்கிய முதல் பொருள். அதன் நிறத்தையும் தானே மாற்றவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

புதன்கிழமை பாகங்களை எல்லாம் பைக்கில் மாட்டினாள். டேங்க் நிறையப் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஒரு சுற்றுப் போய்வந்து, வாசல் நடையில் சைடு ஸ்டாண்டு போட்டு நிறுத்தினாள். சந்தில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். ஷோரூமில் எடுத்ததா என்று ஒருவர் கேட்டார். அன்று முழுக்க அவளுக்கு யார்மீதும் கோபம் இல்லை.

வியாழக்கிழமை லேபில் மீட்டிங், வண்டி நிறுத்த இடம் இல்லை, பஸ் பிடித்து வாருங்கள் என்றார்கள். மாலை நாலு மணிக்குத் திரும்பி வந்தவள் நடையிலேயே நின்றாள். பெட்ரோல் மூடியைச் சுற்றியும் டேங்க்கின் இடதுபக்கம் முழுவதும் பச்சை சுருங்கிக் கிடந்தது, பால் ஆடையைக் கரண்டியால் ஒதுக்கியதுபோல். விரல் வைத்ததும் தோலாக உரிந்து வந்தது. அடியில் பிரைமரின் சாம்பல் நிறம்.

மாடிப்படிக்குக் கீழே அவள் தன் சாமான்களை ஒரு அட்டைப்பெட்டியில் போட்டு வைத்திருந்தாள். டப்பாக்கள் இருந்தன, உப்புத்தாள் இருந்தது. பெயின்டைக் கரைக்கும் தின்னர் பாட்டிலைக் காணோம். நிமிர்ந்து பார்த்தாள். அது புஷ்ராவின் சமையலறை ஜன்னல் திண்டில் இருந்தது.

புஷ்ரா வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். வஜீஹா அவளை என்றைக்கும் ஆபா என்றுதான் கூப்பிடுவாள், பேச்சில்லாத நாட்களிலும் மனசுக்குள் அப்படித்தான். அன்று பேர் சொல்லிக் கூப்பிட்டாள். வீட்டில் பேசும் உருதுவை விட்டுவிட்டுத் தமிழில் பேசினாள், சந்தில் எல்லோருக்கும் கேட்கட்டும் என்று.

"இது இன்னாது புஷ்ரா?"

"தின்னர்."

"எதுக்கு எடுத்த?"

புஷ்ரா கத்தியைக் கீழே வைத்தாள். அவள் முகம் சிவந்ததைப் பார்த்ததும் வஜீஹாவுக்குச் சந்தேகமே இல்லாமல் போய்விட்டது. வாய்க்கு வந்ததையெல்லாம் கொட்டினாள். சொந்தத் தங்கை நன்றாக இருந்தால் வயிறு எரிகிறவள் என்றாள். பகலில் வந்து திருட்டுத்தனமாக ஊற்றியிருக்கிறாய் என்றாள். பக்கத்து வீட்டு ஜஹீதா துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள். ஆள் பார்க்கிறது என்றதும் வஜீஹாவின் குரல் இன்னும் ஏறியது.

"அம்மிய எட்டு மாசம் பாத்துக்கினேன், பாத்துக்கினேன்னு சொல்லிக்கினு திரியுறியே. இந்த வீட்டுக்காகத்தானே பாத்த? இல்லன்னா தொட்டிருப்பியா அவங்கள?"

புஷ்ரா எழுந்து வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று வஜீஹா நினைத்தாள். புஷ்ரா ஜன்னல் வழியாக அந்தப் பாட்டிலை நீட்டினாள்.

"ஆமா. வீட்டுக்காகத்தான் பாத்தேன். வாங்கிக்கினு போ."

ஜன்னல் கதவு சாத்திக்கொண்டது. அன்று மாலையே மோட்டார் ஓடி மேலே தண்ணீர் வந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று வஜீஹாவுக்கு மூன்று நாள் கழித்துத்தான் தெரிந்தது. ஷஃபியுல்லா நங்கநல்லூரில் வாடகைக்கு வீடு பார்த்துவிட்டான். அடுத்த சனிக்கிழமை கிளம்புகிறார்கள்.

போகட்டும் என்று வஜீஹா நினைத்தாள். சந்தோஷமாகக்கூட இருந்தது. டேங்க்கைக் கழற்றி மறுபடி தேய்த்து, மறுபடி பிரைமர், மறுபடி பச்சை. இந்தத் தடவை கொடியில் யார் துணியும் இல்லை. கீழே அட்டைப்பெட்டிகளுக்கு டேப் ஒட்டும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை காலை வேலை முடிந்து லேபுக்கு அருகிலிருந்த பங்க்கில் டேங்க்கை நிரப்பினாள். போனில் பணம் அனுப்புவதற்காகச் சைடு ஸ்டாண்டில் சாய்த்து நிறுத்தினாள். திரும்பிப் பார்த்தபோது மூடியின் இடுக்கிலிருந்து பெட்ரோல் கசிந்து இடதுபக்கமாக வழிந்துகொண்டிருந்தது. துணி எடுத்துத் துடைத்தாள். துணியில் பச்சை ஒட்டியது. கண்ணெதிரிலேயே பெயின்ட் மெல்ல உப்பி, சுருங்கி, வரிவரியாக எழும்பியது.

பெட்ரோல் போட்ட பெண் குனிந்து பார்த்தாள். "டப்பா பெயின்டாக்கா? பெட்ரோல் பட்டா இப்டித்தான் உரிஞ்சுக்கினு வரும். இதுக்கு மேல அடிக்க லாக்கர்னு வேற பூச்சு கீது, கெட்டியாக்குற மருந்து கலந்தது, அத அடிக்கணும். மூடில ரப்பரும் போயிடுச்சு, பாரு. சாச்சு வச்சா ஒழுவும்."

பின்னால் நின்ற ஆட்டோ ஹாரன் அடித்தது. வஜீஹா பைக்கைத் தள்ளிக்கொண்டு போய்க் டயருக்குக் காற்றடிக்கும் இடத்தில் நின்றாள். புதன்கிழமையும் டேங்க்கை நிரப்பித்தான் கொண்டுவந்தாள். அன்றும் இடதுபக்கம் சாய்த்துத்தான் நிறுத்தினாள். இதை யாரிடமும் சொல்லாமல் விட்டுவிடலாம். டெம்போ இந்நேரம் வந்திருக்கும், சாமான் ஏறிவிட்டால் முடிந்தது. ஒரு சிக்னல் வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு ஓட்டினாள். அப்புறம் வண்டியை வேகமாக விட்டாள்.

டெம்போ சந்து முனையில் நின்றது. பீரோ ஏறிவிட்டது. புஷ்ரா காலி வீட்டைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வஜீஹா நிலைப்படியிலேயே நின்று, பெட்ரோல் ஒழுகியதைச் சொன்னாள். நீ ஊற்றவில்லை, தெரியாமல் பேசிவிட்டேன், மாப்பு பண்ணு ஆபா என்றாள்.

புஷ்ரா பெருக்குவதை நிறுத்தவில்லை. "நான் ஊத்தலன்னு எனுக்குத் தெரியாதா?"

"அப்ப அந்தப் பாட்டிலு?"

"ஊத்தத்தான் எடுத்தேன். மூடியத் தொறந்து கையில வச்சுக்கினு வண்டிகிட்ட போனேன். பாத்தா ஏற்கெனவே உரிஞ்சு கெடக்குது." புஷ்ரா நிமிர்ந்தாள். "அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு. இன்னும் நல்லா உரியட்டும்னு நெனச்சேன்."

அன்றைக்கே சொல்லியிருக்கலாமே என்றாள் வஜீஹா.

"நீ கேட்டது அதையா? சந்துல நின்னு என்கிட்ட இன்னா கேட்ட நீ? இப்ப வந்து பெயின்டுக்கு மாப்பு கேக்குற. பெயின்டு யாருக்கு வேணும்?"

வஜீஹா வாயைத் திறந்தாள். அம்மா என்று ஆரம்பிக்கவேண்டும். அந்த வார்த்தைக்கு அடுத்த வார்த்தை வரவில்லை. ஷஃபியுல்லா வந்து டிரைவர் அவசரப்படுவதாகச் சொன்னான். புஷ்ரா குப்பையை முறத்தில் அள்ளி வாசல் டப்பாவில் கொட்டிவிட்டு, தங்கையைத் தொடாமல் ஓரமாக ஒதுங்கி இறங்கிப் போனாள்.

சொல்லவேண்டியதை வஜீஹா ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னாள். பெசன்ட் நகரில் கடைசி ரத்த மாதிரியை எடுத்துவிட்டு, பைக்கை ஒரு வேப்பமர நிழலில் நிறுத்தி, போன் செய்தாள். இந்தத் தடவை உருதுவில் பேசினாள். அம்மியை நீ வீட்டுக்காகப் பார்த்துக்கொள்ளவில்லை, எனக்குத் தெரியும், அன்றைக்கும் தெரியும் என்றாள். நான் வராமல் இருந்துவிட்டேன், அதை மறைக்கத்தான் உன்மேல் போட்டேன் என்றாள்.

எதிர்ப்பக்கம் குக்கர் விசில் கேட்டது. புஷ்ரா அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"கேட்டுக்கினேன்" என்றாள், தமிழில். "மனசு இன்னும் ஆறல. நீ திரும்பத் திரும்பக் கூப்பிடாத. ஆறுச்சுன்னா நானே கூப்பிடுறேன்."

அவள் சொன்னபடியே வஜீஹா அதற்கப்புறம் கூப்பிடவில்லை. அன்று போனை வைத்த கையோடு, இன்னும் ஒரு வீடு பாக்கி என்று லேபிலிருந்து அழைப்பு வந்தது. ஒரு முகவரி விட்டுப்போயிருந்ததாம். ஐஸ் பெட்டியைப் பின் சீட்டில் இறுக்கிக் கட்டிவிட்டு, உரிந்த பச்சையைத் தேய்த்து எடுத்தபின் மறுபடி அடிக்காமல், பிரைமரோடு சாம்பல் நிறத்தில் நின்ற வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.