பளார்

படங்களுக்குச் சத்தம் சேர்ப்பது அவர் பிழைப்பு. ஈரத்துண்டால் தோல்பையை ஓங்கி அடித்து அவர் எடுக்கும் அறைச் சத்தத்துக்கு ஈடு கிடையாது. அதனால் ஒலிக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் ‘பளார்’தான். நடிகர்கள் முகத்தில் படாமல் தள்ளித்தான் கையை வீசுவார்கள். பட்டதாகக் கண்ணை நம்ப வைப்பது காது. திரையில் ஒரு கை எழும்பினாலே இவர் விரல் சத்தம் சேர்க்கும் பொத்தானைத் தேடும்.

அந்த விரலை அவர் சும்மா வைத்திருக்கலாம்.

அதே கட்டடத்து வாசலில் அவருடைய மச்சான், மனைவியின் தம்பி, காவலாளி. வண்டி நிறுத்துவதில் அவனுக்கும் கட்டட மேலாளருக்கும் வாய்த்தகராறு. அந்தப் பக்கம் போகச்சொல்லி அவன் கையை வீசியது வாசல் கேமராவில் பதிவாகியிருந்தது. கேமராவுக்குக் காது கிடையாது. சாப்பாட்டு வேளையில் சிரிப்புக்காகப் பளார் அந்தப் பதிவை வாங்கி, அதில் ஓர் அறைச் சத்தத்தை ஒட்டி, இரண்டே நண்பர்களுக்கு அனுப்பினார். நண்பர்களுக்கும் நண்பர்கள் உண்டு என்பது அந்தப் பெரிய மூளைக்கு எட்டவில்லை. சாயங்காலத்துக்குள் கட்டடமே பார்த்துவிட்டது.

“சண்டை வேகத்துல எனக்கே தெரியல. இதப் பார்த்தப்புறம்தான் அடிச்சிருக்கான்னு புரியுது” என்று மேலாளர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். மறுநாள் காலையில் மச்சான் மன்னிப்புக் கடிதம் கொடுத்துவிட்டு வேலையை விட்டுப் போகவேண்டும் என்று உத்தரவாயிற்று.

வீட்டில் மச்சான் அதை நான்கு முறை போட்டுப் பார்த்தான்.

“படவே இல்லன்னுதான் நெனச்சேன்க்கா. ஆனா பட்டிருக்கே.”

“பெரியவங்க மேல கைய நீட்டற அளவுக்குத் திமிராடா உனக்கு?”

அவன் அக்கா காலில் விழுந்து அழுதான். பக்கத்தில் பளார் சோற்றுத் தட்டோடு உட்கார்ந்திருந்தார். சொன்னால் தன் வேலை போகும், மனைவி முகத்தில் விழிக்க முடியாது. குற்ற உணர்ச்சி நெஞ்சை அறுத்தது. அதையும் சோற்றோடு சேர்த்து விழுங்கினார், பாவி மனுஷன்.

காலையில் மேலாளர் அறை வாசலில் மச்சான் கடிதத்தோடு நின்றான். ‘அடித்தது நான்தான், மன்னிக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருந்தான். செய்யாத தப்புக்கு அவன் இப்படிக் கூனிக்குறுகி நிற்பதைப் பார்க்கப் பளாருக்குத் தாங்கவில்லை. போனை எடுத்து, சத்தத்தை அணைத்துவிட்டு நீட்டினார்.

மச்சான் பார்த்தான். மறுபடியும் பார்த்தான்.

“படல மாமா. நடுவுல எவ்ளோ இடம் இருக்கு.”

“சத்தம் நான் போட்டதுப்பா. விளையாட்டுக்கு.”

அவன் போனைத் திருப்பிக் கொடுத்தான்.

“நேத்து நான் அக்கா கால்ல விழுந்தப்போ நீங்க பக்கத்துலதானே இருந்தீங்க?”

“இருந்தேன்.”

மச்சான் கடிதத்தை அவர் கையில் வைத்தான். சட்டைப்பையிலிருந்து பேனாவையும் எடுத்துக் கொடுத்தான்.

“கீழ என் பேர அடிச்சிட்டு உங்க பேரப் போட்டுக்கங்க மாமா. மத்ததெல்லாம் சரியாத்தான் இருக்கு.”