சத்தம் தின்ற சப்பாத்திக்கள்ளி

வேலம்பாளையத்தில் மருதம்மாள் வைத்திருந்த சப்பாத்திக்கள்ளியைச் சுற்றி மூன்றடிக்குச் சத்தம் கிடையாது. தொட்டியை வாங்கி வந்து வாசல் ஓரம் வைத்த மறுநாள் காலை, அவள் கையிலிருந்து எவர்சில்வர் சொம்பு நழுவி விழுந்தது. விழுந்ததும் கேட்கவில்லை, உருண்டதும் கேட்கவில்லை. தொட்டியைத் தாண்டிப் போன பிறகுதான் மீதிச் சத்தத்தைப் போட்டது. அவள் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்து பார்த்தாள். எந்தப் பக்கம் அளந்தாலும் மூன்றடிதான் வந்தது. அளவு ஒரே சீராக இருந்ததால் அவளுக்கு அதற்கு மேல் சந்தேகம் எழவில்லை.

அது வேலியோரத்துப் பச்சைக் கள்ளி அல்ல. ஒவ்வொரு மடலிலும் பச்சையும் வெள்ளையும் கலந்து, சாயம் சரியாக ஏறாத துணி போலத் திட்டுத் திட்டாக இருக்கும். உடுமலை சாலையில் நர்சரி வைத்திருந்த செந்தில்வேல் அதைக் கொடுக்கும்போது, "வாரம் ஒருக்கா தண்ணி போதுமுங்க. உச்சி வெயில்ல வெச்சா வெள்ளை கருகிரும். முழுப் பச்சையா மடல் வந்துதுன்னா அறுத்துப் போட்டுருங்க, உட்டா செடியே பச்சையாயிரும்" என்று சொல்லி அனுப்பினார். மருதம்மாள் பதினாறு வருடங்களாகப் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். மேசைக்கு எதிரே சாம்பிள் துணி தொங்கும். அதோடு நிறம் ஒத்துப்போகாத பீஸை எடுத்துத் தனியே போடுவதுதான் வேலை. செடிக்கும் அப்படியே செய்தாள். இருப்பதிலேயே வெள்ளையான மடலைச் சாம்பிளாக வைத்துக்கொண்டு, அதைவிடப் பச்சை கூடுதலாக எது முளைத்தாலும் விரல் நீளம் வளர்வதற்குள் நூல் வெட்டும் கத்தரியால் வெட்டினாள். முழுப் பச்சையைத்தான் செந்தில்வேல் வெட்டச் சொன்னார் என்பது நினைவில் இருந்தது. ஆனால் நிற வித்தியாசத்தில் முழுசு, பாதி என்று பார்த்து அவளுக்குப் பழக்கமில்லை. வெள்ளை கூடக் கூட, சத்தமில்லாத வட்டமும் அகன்றது.

கணவர் இறந்து ஒன்பது வருடங்கள் ஆகியிருந்தன. பிள்ளைகள் இல்லை. அவள் குடியிருந்த லைன் வீடுகளின் பின்சுவரை ஒட்டி ரத்தினசாமியின் நிட்டிங் கம்பெனி இருந்தது. இருபத்திரண்டு மெஷின்கள் ஆயுத பூஜைக்கு மட்டும் நிற்கும். அந்த இரைச்சலில் யாரும் யார் வாசலிலும் நின்று பேசுவதில்லை. வேலை முடிந்து வந்தால் மறுநாள் காலை வரை மருதம்மாள் வாயைத் திறக்க அவசியம் இருக்காது. செடியின் அமைதியைத் தேடி முதலில் வந்தது மூன்றாம் வீட்டு மயிலாள். இரவு ஷிப்ட் போய்ப் பகலில் தூங்க முடியாமல் கண்கள் சிவந்திருந்தவள், "அக்கா, ஒரு மணி நேரம் இங்க படுத்துக்கட்டுங்களா?" என்று கத்திக் கேட்டாள். மருதம்மாள் தலையை ஆட்டினாள். மயிலாள் ஏழு மணி நேரம் தூங்கினாள். பிறகு அவள் கூட வேலை செய்தவர்கள் வந்தார்கள். இரண்டாம் கோடையில் வட்டம் வீட்டை நிறைத்தது. பத்துப் பேர் பாய்களோடு வந்தார்கள். மருதம்மாள் கதவைத் திறந்து வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். மாலையில் வந்து எல்லோருக்கும் டீ போட்டு, தோளைத் தொட்டு எழுப்பிக் கொடுப்பாள். குடித்துவிட்டுச் சிரிப்பார்கள், கும்பிடுவார்கள், ஷிப்டுக்குப் போவார்கள். பத்துப் பேர் இருந்த வீட்டில் அவள் யாரோடும் பேசாமல் இருந்தாள். முன்பும் அப்படித்தான். இப்போது பதினொரு டம்ளர்கள் கழுவ வேண்டியிருந்தது. அவள் மெதுவாகக் கழுவினாள்.

மூன்றாம் வருடம் வட்டம் பின்சுவரைத் தாண்டியது. ரத்தினசாமி வாசலில் நின்று ஏதோ சொன்னார், கேட்கவில்லை. டீக்கடை வரை கூட்டிப்போய்ச் சொன்னார். "ஊசி உடைஞ்சது ஆப்பரேட்டருக்குக் கேக்கலைங்க. ரெண்டு ரோல் துணி கோடு விழுந்துருச்சு. தொட்டியைக் கொஞ்சம் முன்னால நகத்திக்கறீங்களா?" அவள் நாலடி நகர்த்தினாள். சுவரோர மெஷின்களை ஓட்டியவர்களுக்கு மட்டும் அதில் வருத்தம்.

அந்த ஆடிக் காற்றில் மடல்கள் மெலிந்து சுருங்கின. தண்ணீர் கூட்டியும் குறைத்தும் பார்த்தாள். கடைசியில் செந்தில்வேலைக் கூட்டி வந்தாள். அவர் செடியைத் தெருமுனைக்குத் தூக்கி வரச் சொல்லிப் பார்த்தார். பிறகு குரல் கேட்கும் தூரத்துக்கு அவளையும் கூட்டிக்கொண்டு தள்ளிப் போய் நின்றார்.

"ஏனுங்க, பச்சையே இல்லீங்களே. வெள்ளை சும்மா பாக்கறதுக்குத்தானுங்க. சமையல் பண்றது பச்சை. சமைக்கறவங்களை எல்லாம் வெட்டிப் போட்டா மத்தவங்க என்னத்தைத் திம்பாங்க?"

"இப்படியே உட்டா?"

"மார்கழி தாண்டாதுங்க. பச்சை வந்தா உட்டுருங்க. கத்தரியைக் கண்ணுலயே காட்டாதீங்க."

பச்சை வளர்ந்தால் வட்டம் சுருங்கும், ஆட்கள் போய்விடுவார்கள். வெட்டினால் மார்கழி வரை வீடு நிறைந்திருக்கும். அவள் ஒரு வாரம் யோசித்தாள். ஞாயிற்றுக்கிழமை பத்துப் பேரும் தூங்கிக்கொண்டிருந்தபோது, அவள் சாம்பிளாக வைத்திருந்த மடல் கழன்று விழுந்தது. சத்தம் இல்லாததால் யாரும் விழிக்கவில்லை. அவள் மட்டும் பார்த்தாள். மறுநாள் அடித்தண்டில் ஒரு பச்சை முளை தெரிந்தது. கை தானாகக் கத்தரிக்குப் போனது. வெட்டாமல், கத்தரியைப் பையில் போட்டுக் கொண்டுபோய்க் கம்பெனி மேசையிலேயே வைத்துவிட்டு வந்தாள்.

செடி பிழைத்தது. பின்சுவரோரம் படுத்தவர்கள் ஐப்பசியில் போனார்கள், கதவோரம் படுத்தவர்கள் கார்த்திகையில். யாரும் சண்டை போடவில்லை. ஒருவர் பாயை மடித்துக்கொண்டு, செடியைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். தை மாதம் வட்டம் ஒரு தலையணை அளவுக்கு வந்து, அங்கேயே நின்றது. மருதம்மாள் ஒரு டம்ளர் டீ போட்டுக் குடித்தாள். கழுவ ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மாசி முழுக்க அப்படிப் போனது.

பங்குனியில், பிரசவத்துக்கு மடத்துக்குளம் போயிருந்த மயிலாள் நாலு மாதக் குழந்தையோடு திரும்பி வந்தாள். அவள் வீட்டு இரைச்சலில் குழந்தை கண் மூடவில்லை. மருதம்மாள் தொட்டியை ஒட்டி ஒரு தலையணையைப் போட்டு, முள் படாமல் நடுவில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்தாள். கிடத்தியதும் தூங்கிப்போனான். பெண்கள் இருவருக்கும் வட்டத்துக்குள் இடமில்லை. இரைச்சலில் உட்கார்ந்தார்கள்.

"பேரு என்ன வெச்சிருக்கற?" என்று மருதம்மாள் கத்தினாள்.

மயிலாள் அவளையே பார்த்தாள். "உங்க குரலு இப்படீங்களாக்கா? இத்தனை நாள் வந்தும் கேட்டதே இல்லை. மெல்லிசா இருக்கும்னு நெனைச்சிருந்தேன்."

"கேக்கலை கண்ணு, சத்தமாச் சொல்லு."

"ஆம்பளைக் குரலாட்டம் இருக்குதுன்னேன்."

"உனக்கு மட்டும் குயிலுக் குரலாக்கும்."

அதன் பிறகு மயிலாள் தினமும் மாலையில் குழந்தையோடு வந்தாள். குழந்தை உள்ளே அழுதால் வெளியே கேட்காது. ஆகவே விட்டுவிட்டுப் போக முடியாது. ஒருத்தி கத்திப் பேசும்போது மற்றவள் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்தால் பால், மூடியிருந்தால் பேச்சு.